கும்பகோணம் நாட்டு மருந்துக் கடை நிலவேம்புப் பொடி: மலேரியாவுக்கு நம்பலாமா? ஒரு லேப் டெக்னீஷியனோட ரிவ்யூ

முதல்லயே மார்க் போட்டுடறேன். கடைக்கு அஞ்சுக்கு நாலரை. அவங்க அரைச்சுக் குடுக்குற நிலவேம்புக் குடிநீர்ப் பொடிக்கு அஞ்சுக்கு நாலு. ஆனா அதே பொடிய மலேரியாவுக்கு மருந்துன்னு நினைச்சு வாங்குனீங்கன்னா அஞ்சுக்கு பூஜ்யம். இந்த மூணையும் ஒரே ரிவ்யூல ஏன் போடறேன்னா எங்க பக்கம் காய்ச்சல்னாலே கஷாயம்னு ஆயிடுச்சு, அதுலயும் ஐப்பசி கார்த்திகை மழையில வாய்க்கால் வரப்பு எங்க பாத்தாலும் தண்ணி நிக்கிற நேரத்துல வாட்ஸப் குரூப்புல தினம் ஒரு கஷாயம் வருது, ஆனா இத யாரு டெஸ்ட் பண்ணாங்க எப்படி பண்ணாங்க எத்தனை பேருக்கு கேட்டுச்சு எத்தனை பேருக்கு கேக்கலன்னு ஒருத்தரும் கேக்குறது இல்ல. நான் வலங்கைமான் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீஷியன். காய்ச்சல்னு வர்றவங்க விரல்ல குத்தி ரத்தம் எடுத்து ஸ்லைடு போட்டு மலேரியா கிருமி இருக்கான்னு மைக்ராஸ்கோப்புல தேடுறதுதான் என் வேலை. எங்க அப்பாயி வச்சுக் குடுத்த கஷாயத்தக் குடிச்சு வளந்தவளும் நான்தான், அதனால செடிகொடின்னா எனக்கு இளக்காரம் கிடையாது, அத மொதல்லயே சொல்லிக்கறேன்.

கடை பேரு போடல. "பேரெல்லாம் போடாதம்மா, வர்றவங்க வருவாங்க"ன்னு கடைக்கார ஐயாவே சொல்லிட்டாரு. பெரிய கடைத்தெருப் பக்கம் ஒரு சந்து, முன்னால பூஜை சாமான், உள்ள மருந்துச் சரக்கு. சுவத்துல வரிசையா தகர டப்பா, ஒவ்வொண்ணுலயும் பேப்பர் ஒட்டி மையால பேரு எழுதியிருக்கும், சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய், திப்பிலி, கண்டங்கத்திரி, தரையில சாக்குல வெட்டிவேரும் நன்னாரியும். ரெடிமேட் பாக்கெட்டும் தொங்குது ஆனா நிலவேம்புக் குடிநீர்னு கேட்டா ஐயா அந்தப் பக்கம் போகவே மாட்டாரு, "இரும்மா செத்த நேரம்"னுட்டு ஒன்பது சாமானையும் நம்ம கண்ணு முன்னாலயே தராசுல போடுவாரு. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்பாடகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. ஒன்பதும் சம எடை. அப்புறம் பின்னால இருக்குற மெஷின்ல கொரகொரன்னு இடிச்சுக் குடுப்பாரு, மாவு மாதிரி நைசா அரைக்கச் சொன்னா அரைக்க மாட்டாரு, நைசா இருந்தா கஷாயம் வடியாது எல்லாம் அடியில சேறாத் தங்கிடும்னு சொல்லுவாரு, அது உண்மைதான், கடையில வாங்குற சில பாக்கெட்டுல அந்தத் தொல்லை உண்டு.

சரக்கு பாத்து வாங்குறதுலதான் இவரு கெட்டிக்காரரு. நிலவேம்புக் கட்டுல இருந்து ஒரு குச்சிய உருவி என் கையில குடுத்து "தண்டத் தடவிப் பாரும்மா, உருண்டையா இருந்தா அது வேற எதுவோ, இது நாலு பட்டையா இருக்கணும்"ன்னாரு. விரல்ல வச்சு உருட்டுனேன், நாலு மூலையும் தெளிவாத் தட்டுப்பட்டுச்சு. சின்னதா நீட்டமா காய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நகத்தால பிளந்தா உள்ள பழுப்பு விதை. இலை பச்சை விடாம இருக்கணுமாம், கறுத்துப் போயிருந்தா ஈரத்துல கிடந்த சரக்கு, வெறும் குச்சியா இருந்தா அதுவும் வேண்டாம், கசப்புச் சத்து அதிகமா இருக்குறது இலையிலதான். ஆண்ட்ரோகிராஃபோலைடுன்னு நாங்க படிச்சது அதத்தான். ஒரு இலைத் துணுக்க நாக்குல வச்சேன், வெளிய வந்து டிகிரி காபி குடிச்ச பிறகும் அந்தக் கசப்பு தொண்டைய விட்டுப் போகல. நூறு கிராம் வாங்குனா ஒரு குடும்பத்துக்கு ஒரு காய்ச்சலுக்குத் தாராளமா வரும், விலையும் பாக்கெட் ஐட்டத்த விடக் கம்மிதான்.

ஆனா நான் நாலரை மார்க் போட்டது இதுக்கெல்லாம் இல்ல. நான் நிக்கிறப்பவே ஒரு அக்கா வந்தாங்க, நடவு வேலைக்குப் போறவங்க போல, காலுல சேறு கூட சரியாக் கழுவல. "ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நா விட்டு ஒரு நா குளிரு தூக்கிப் போடுது, கஷாயப் பொடி குடுங்க"ன்னாங்க. ஐயா தராசக் கையில எடுக்கவே இல்ல. "ஏம்மா, ரத்தம் பாத்தாச்சா?"ன்னாரு. இல்லைங்கய்யான்னதும், "மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு சொட்டு ரத்தம் குடுத்துட்டு வா, காசு கேக்க மாட்டாங்க, கடை எங்கயும் போயிடாது, பொடி அப்புறம் வாங்கிக்கலாம்"னு சொல்லி அனுப்பிட்டாரு. வர்ற யாவாரத்த வேண்டாம்னு சொல்ற கடைக்காரர நான் ரொம்பப் பாத்தது இல்ல. அந்த அக்கா போனப்புறம் ஏன் ஐயான்னு கேட்டேன். "எங்கப்பாரு காலத்துலயே முறைக்காய்ச்சல்னா கொய்னா மாத்திரைதாம்மா, நாங்க குடுக்குறது உடம்புக்குத் தெம்பு, அவ்ளோதான்"னாரு. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதறேன்.

ஏன்னா எங்க வீட்லயே இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு. என் தம்பி மங்களூர்ல கட்டட வேலை பாக்குறான், ஊருக்கு வந்தவனுக்கு காய்ச்சல். எங்க அத்தை ஃபோன்ல ஒரு விளம்பரம் பாத்து ஒரு பொடி வரவழைச்சு வச்சிருந்தாங்க, கம்பெனி பேரு நான் சொல்ல விரும்பல, பச்சைக் கலர் டப்பா, மலேரியா டெங்கு டைபாய்டு மூணுக்கும் ஒரே மருந்து மூணே நாள்ல குணம்னு முன்னாலயே பெருசா அச்சடிச்சிருக்கு. டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, உள்ள என்ன மூலிகை எவ்வளவுன்னு இல்ல, "அரிய மூலிகைகள்"னு மட்டும் போட்டிருக்கு. சித்த மருந்துன்னா அதுக்கும் லைசென்ஸ் உண்டு, லேபிள்ல நம்பர் இருக்கணும், சாமான் பேரு இருக்கணும். அதோட 1954ல போட்ட ஒரு சட்டம் இருக்கு, மருந்து மாய மந்திர விளம்பரத் தடைச் சட்டம், எந்தெந்த நோயக் குணப்படுத்துவேன்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு அதுல ஒரு பட்டியலே இருக்கு, காய்ச்சலும் அதுல வருது. அதுக்குத்தான் இந்த டப்பாவுக்கு ஒரு ஸ்டார் கூட கிடையாதுன்றேன்.

தம்பி அத ரெண்டு வேளை குடிச்சான், மறுநாள் காய்ச்சல் விட்டுடுச்சு, அத்தைக்கு ஒரே சந்தோஷம், பாத்தியாடி நீ மைக்ராஸ்கோப்பு மைக்ராஸ்கோப்புன்ற, பொடி கேட்டுடுச்சு பாருன்னாங்க. அதுக்கு அடுத்த நாள் சாயங்காலம் போர்வை மேல போர்வை போத்தியும் கட்டில் ஆடுற அளவுக்கு நடுக்கம். இத எல்லாரும் புரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறேன். மலேரியாவுல ஒரு வகையான வைவாக்ஸ் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள்ள புகுந்து பெருகி வெடிச்சு வெளிய வர ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும், வெடிக்கிறப்பதான் குளிரும் காய்ச்சலும், நடுவுல ஒரு நாள் ஆளு எழுந்து நடமாடுவான் இட்லி கேப்பான். அந்த நடு நாள் மருந்தே குடுக்காட்டியும் வரும். அந்த நாளுக்கு முந்தின நாள் நீங்க வேப்பிலை குடுத்திருந்தாலும் விபூதி பூசியிருந்தாலும் வெறும் வெந்நி குடுத்திருந்தாலும் அதுதான் கேட்டுச்சுன்னு தோணும். மலேரியாவுல மட்டும் "குடிச்சேன் மறுநாளே சரியாயிடுச்சு"ன்னு ஒருத்தர் சொல்றத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுன்றதுக்குக் காரணமே இந்தக் கிருமியோட இந்தக் கணக்குதான்.

அன்னைக்கே நானே ஸ்லைடு போட்டேன். நடுவிரலப் புடிச்சு குத்தி, ஒரே கண்ணாடியில தடிப்பா ஒரு பூச்சு மெல்லிசா ஒரு பூச்சு, காய வச்சு ஜே.எஸ்.பி. ஸ்டெயின்னு கிருமியக் காட்டுற சாயம் போட்டு ஆயில் விட்டு பாத்தா ரிங் ரிங்கா நீல விளிம்பு, ஓரத்துல சிவப்புப் புள்ளி, கிருமி இருக்குற சிவப்பணு மட்டும் பக்கத்துல இருக்குறத விட உப்பிப் பெருசா இருக்கு. வைவாக்ஸ். டாக்டர் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள் எழுதுனாங்க, எல்லாமே அரசாங்கத்துல இலவசம். அந்த 14 நாள் எதுக்குன்னா வைவாக்ஸ் கிருமில ஒரு பகுதி கல்லீரல்ல போய்த் தூங்கும், மாசக்கணக்குல கழிச்சு எழுந்து திரும்பக் காய்ச்சலக் கொண்டுவரும், அத அழிக்கிற மருந்து இன்னைக்கு பிரைமாகுயின் குடும்பம்தான், எந்தக் கஷாயமும் அதச் செய்யும்னு யாரும் நிரூபிச்சது இல்ல. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் குடுக்கக் கூடாது, ஜி6பிடின்னு ஒரு என்சைம் குறைவு இருக்கறவங்களுக்கும் ஆபத்து, அதனால இதக் கடையில நீங்களா வாங்கிப் போடாதீங்க. தம்பிக்கு வந்தது வைவாக்ஸ். மலேரியாவுலயே ரொம்ப ஆபத்தான வகையான ஃபால்சிபாரமா இருந்து அந்த டப்பாவ நம்பி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா மூளை வரைக்கும் போயிருக்கலாம், அத நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்குது.

அப்போ செடியில மருந்தே இல்லையான்னு கேப்பீங்க. மலேரியாவுக்கு உலகத்துல கிடைச்ச ரெண்டு பெரிய மருந்தும் செடியில இருந்து வந்ததுதான். கடைக்கார ஐயா சொன்ன கொய்னா, அதான் குயினைன், சிங்கோனா மரப்பட்டையில இருந்து 1820ல பிரான்ஸ்ல பிரிச்சு எடுத்தாங்க, 1860கள்ல அந்த மரத்த நம்ம நீலகிரியில தொட்டபெட்டா நடுவட்டம் பக்கமெல்லாம் நட்டு வளத்தாங்க. நட்டதோட விடல. அந்தப் பட்டையில குயினைனோட இன்னும் மூணு சத்து இருக்கு, எது நல்லாக் கேக்குதுன்னு தெரியணும்ல, 1866ல இருந்து 1868 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல 2,472 காய்ச்சல்காரங்களுக்கு நாலையும் தனித்தனியாக் குடுத்துப் பாத்தாங்க. ஆயிரம் பேருக்கு எத்தனை பேருக்கு கேக்கலன்னு கணக்கு எடுத்தாங்க, குயினைன் 7, குயினிடின் 6, சிங்கோனிடின் 10, சிங்கோனின் 23. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம மாகாணத்துல நடந்த டெஸ்ட் இது. கேட்டவங்க எண்ணிக்கைய விட கேக்காதவங்க எண்ணிக்கைய எழுதி வச்சாங்க பாருங்க, என் கண்ணுக்கு அதுதான் பெருசு.

இன்னொண்ணு சீனாவுல. 1967ல மலேரியாவுக்குன்னே ஒரு ரகசியத் திட்டம் ஆரம்பிச்சாங்க, தூ யூயூன்னு ஒரு அம்மா தலைமையில ஒரு குழு பழைய ஏடு, கை வைத்தியம் எல்லாம் தேடி 2,000க்கு மேல மருந்து முறைகளத் திரட்டி, அதுல இருந்து வடிகட்டி ஏறக்குறைய 200 மூலிகையில 380க்கு மேல சாறு எடுத்து எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க. ஒரு செடி ஒரு தடவை நல்லாக் கேக்கும், அடுத்த தடவை கேக்காது. அந்தம்மா திரும்ப ஏட்டப் பாத்தாங்க, நாலாம் நூற்றாண்டு ஏடு, அதுல அந்தச் செடிய தண்ணியில ஊற வச்சுப் பிழிஞ்சு சாறக் குடின்னுதான் இருக்கு, கொதிக்க வைன்னு இல்ல. சூடு பட்டா சத்து போயிடுதோன்னு நினைச்சு 35 டிகிரிலயே கொதிக்கிற ஈதர்ல சாறு எடுத்தாங்க, 1971 அக்டோபர்ல எலியிலயும் அப்புறம் குரங்குலயும் கிருமி மொத்தமாப் போயிடுச்சு. மனுஷங்களுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி அந்தம்மாவும் கூட வேலை பாத்தவங்களும் தாங்களே குடிச்சுப் பாத்தாங்க. அதுதான் ஆர்ட்டிமிசினின், ஃபால்சிபாரத்துக்கு இன்னைக்கும் உயிர் காக்குற மருந்து, 2015ல நோபல் பரிசு. ஆனா அதே செடிய டீ போட்டுக் குடிக்கறத உலக சுகாதார நிறுவனமே வேண்டாம்னு சொல்லுது, அளவு நிச்சயமில்ல, அரைகுறையாக் குடிச்சா கிருமி சாகாம மருந்துக்குப் பழகிடும்.

இதப் படிச்சதுல இருந்து அந்தக் கடைக்குப் போறப்பல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான், இந்தத் தகர டப்பாவுல இருக்கறத ஒவ்வொண்ணா இப்படிப் பாத்தா என்னன்னு. எங்க ஆரம்பிக்கணும்? மொதல்ல செடி எதுன்னு நிச்சயம் பண்ணணும். பற்பாடகம்னு ஒரு கடையில குடுக்குறதும் இன்னொரு கடையில குடுக்குறதும் வேற வேற செடியா இருக்கும், ஐயாவே அத ஒத்துக்கறாரு. திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல ராபினாட் ஹெர்பேரியம்னு இருக்கு, நம்ம பக்கத்துச் செடிங்கள காயவச்சு ஒட்டிப் பேரு எழுதிப் பாதுகாக்குற இடம், ஆராய்ச்சி பண்ற பசங்க அங்க கொண்டுபோய்க் காட்டி இது இன்ன செடிதான்னு உறுதி பண்ணிக்குவாங்க. அதுக்கப்புறம் சாறு. தண்ணியில எடுத்த சாறு வேற, மெத்தனால்னு ஒரு வகை ஆல்கஹால்ல எடுத்த சாறு வேற. நிலவேம்ப மலேரியாக் கிருமிக்கு எதிரா டெஸ்ட் பண்ணியிருக்காங்க, 2009ல வந்த ஒரு ஆராய்ச்சியில நிலவேம்பும் பற்பாடகம்னு சில ஊர்ல சொல்ற செடியும் ரெண்டையும் மெத்தனால்ல எடுத்து ஃபால்சிபாரம் மேல போட்டுப் பாத்தாங்க, கிருமி வளர்றது அடங்குச்சு, மஞ்சள்ல இருக்குற குர்குமினோட சேத்து எலிக்குக் குடுத்தப்ப எலிங்க கூடுதல் நாள் உயிரோட இருந்துச்சு. நல்ல சேதிதான், எனக்கு அதப் படிச்சப்ப உண்மையிலயே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா நம்ம வீட்ல வைக்கிறது மெத்தனால் சாறு இல்ல, நாலுக்கு ஒண்ணா தண்ணியில சுண்ட வச்ச கஷாயம், அது வயித்துல போயி செரிச்சு ரத்தத்துல எவ்வளவு சேருதுன்னு தெரிஞ்சாதான் பேச முடியும்.

கிருமிய லேபுல வளக்குறதே லேசு இல்ல. மனுஷ சிவப்பணுவுல ஃபால்சிபாரத்தத் தொடர்ந்து வளக்குற வழி 1976லதான் கிடைச்சது, அதுக்கப்புறம்தான் ஒரு செடிச் சாறு எவ்வளவு போட்டா பாதிக் கிருமி வளராம நிக்குதுன்னு அளக்க முடிஞ்சது. அந்த அளவு எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. அதோட விடக் கூடாது, அதே சாறு நம்ம உடம்புச் செல்லயும் கொல்லுதான்னு பாக்கணும், கிருமிய மட்டும் கொல்லாம எல்லாத்தையும் கொன்னா அது விஷம்தான். பின்னாடி எலிக்கு நாலு நாள் குடுத்துப் பாக்குற முறை. அதுலயும் தேறுனா மனுஷங்க, அங்கதான் என்னைப் போல ஆளுங்க வேலை, இத்தனை வெள்ளையணு எண்ணுறதுக்குள்ள எத்தனை கிருமி வந்துச்சுன்னு எண்ணி எழுதணும், மருந்து குடுத்த அன்னைக்கு, மூணாம் நாள், ஏழாம் நாள், அப்படியே கொறஞ்சது 28 நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பாக்கணும். காய்ச்சல் விட்டுச்சான்றது பாதிக் கேள்விதான், ரத்தத்துல கிருமி போச்சான்றதுதான் முழுக் கேள்வி.

அப்படிப் பாத்த ஒரு மருந்து நம்ம நாட்டுலயே இருக்கு, ஆயுஷ்-64. மத்திய அரசோட ஆயுர்வேத ஆராய்ச்சிக் கவுன்சில் மலேரியாவுக்குன்னே உண்டாக்குனது, ஏழிலைப்பாலைப் பட்டை, கடுகுரோகிணி, சிரத்தைக்குச்சி, கழற்சிக்காய் நாலும் சேந்தது. இந்தக் கடையிலயும் கழற்சிக்காய் இருக்கு, நீர்க்கட்டிக்குன்னு பொண்ணுங்க வந்து கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. வைவாக்ஸ் வந்தவங்கள ரெண்டு பிரிவாப் பிரிச்சு ஒரு பிரிவுக்கு ஆயுஷ்-64, இன்னொண்ணுக்கு குளோரோகுயின்னு குடுத்து பாத்த ஆராய்ச்சி 2000ல வெளிவந்துச்சு. 28 நாள் முடியறப்ப குளோரோகுயின் சாப்ட்ட எல்லாருக்கும் குணம், ஆயுஷ்-64 சாப்ட்டவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். இத வச்சு செடி மருந்து வேஸ்ட்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், பாதிப் பேருக்கு அடங்கியிருக்குன்னா அதுல என்னமோ இருக்கலாம், தேடணும். ஆனா மலேரியா வந்த என் தம்பிக்கு அதக் குடுப்பேனான்னா, கண்டிப்பா மாட்டேன், நூத்துக்கு நூறு கேக்குற மாத்திரை கையில இருக்கறப்ப பாதிக்குப் பாதி கேக்குறத எதுக்குக் குடுக்கணும். இந்த ரெண்டையும் ஒரே மனசுல வச்சுக்க முடியும், வச்சுக்கணும்.

டெஸ்ட் பண்றதெல்லாம் வெளிநாட்டு வழக்கம், நம்ம வைத்தியத்துக்கு அது சரிப்படாதுன்னு சில பேரு சொல்லுவாங்க. தஞ்சாவூர்ல ரெண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால்னு வச்சு நாட்டு வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் சேத்துத்தான் பாத்தாரு, கண்ணு நோயாளிங்களுக்கு எழுதுன கேஸ் ஷீட், கண்ணப் படமா வரஞ்சு என்ன வைத்தியம் பண்ணாங்கன்னு எழுதுனது இன்னைக்கும் சரஸ்வதி மகால்ல இருக்கு. இன்னொண்ணும் நம்ம டெல்டாதான். மேட்டூர் அணை 1934ல வந்து கல்லணைக் கால்வாய்த் தண்ணி பட்டுக்கோட்டைப் பக்கம் பாஞ்சப்புறம் அங்க மலேரியா பெரிய பிரச்சினை ஆச்சு, கசிவுத் தண்ணி, பராமரிக்காத வாய்க்கால், அதுல அனாபிலிஸ் கொசு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை டாக்டர் பால் ரஸ்ஸல் 1930கள் கடைசியில வந்து தங்கி ஆராய்ச்சி பண்ணாரு, வீட்டுக்குள்ள பைரீத்ரம் தெளிச்சு கொசுவக் கொன்னா காய்ச்சல் குறையுதான்னு பல வருஷம் தஞ்சாவூர் ஜில்லா கிராமத்துல பாத்தாங்க. பைரீத்ரம் எதுல இருந்து வருது, சாமந்தி வகைப் பூவுல இருந்து. செடி மருந்தாத்தான் உதவணும்னு இல்ல, கொசுவ விரட்டியும் உதவும், ஐயா கடையில நொச்சி இலையும் கிடைக்குது, சாயங்காலம் புகை போட எங்க வீட்ல அத வாங்குவோம், ஆனா கொசுவலைக்குப் பதிலா அது ஆகாது.

சரி, பொடிக்கு வர்றேன். நாங்க எப்படி வைக்கிறோம்னா ரெண்டு ஸ்பூன் பொடிக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, அரை டம்ளரா சுண்டுற வரைக்கும் சிறு தீயில, வடிகட்டி வெதுவெதுப்பாக் குடிக்கணும், வச்ச கஷாயத்த அன்னைக்கே கொஞ்ச நேரத்துக்குள்ள குடிச்சுடணும், ராத்திரிக்கு எடுத்து வச்சுக் குடிக்காதீங்க. சாதாரண காய்ச்சல், உடம்பு வலி, வாய்க்கசப்பு, பசி எடுக்காம கிடக்குறதுக்கெல்லாம் எங்க வீட்ல இதத்தான் குடுப்போம், தம்பிக்கும் மாத்திரை கோர்ஸ் முடிஞ்ச அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தேன், சோறு இறங்க ஆரம்பிச்சுது. மாத்திரை போடறப்பவே சேத்துக் குடிக்கலாமான்னு கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், டாக்டர்கிட்ட கேக்காம செய்யாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க இந்தக் கஷாயம் பக்கமே போக வேண்டாம், சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்களும் கேட்டுட்டுக் குடிங்க. கொழந்தைங்களுக்கு அளவு சித்தா டாக்டர்தான் சொல்லணும், பெரிய ஆஸ்பத்திரி நிறையத்துல சித்தா பிரிவே இருக்கு.

அரை மார்க் ஏன் குறைச்சேன்னு சொல்லணும். அரைச்ச பொடிய வெறும் பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் குடுக்குறாங்க, என்னைக்கு அரைச்சதுன்னு எழுதல, மழைக்காலத்துல அது கட்டி தட்டிடும், கட்டி தட்டுனா பூஞ்சை வரும். நான் சொன்னப்புறம் ஐயா பேனாவ எடுத்து தேதி எழுதிக் குடுத்தாரு, கேட்டாதான் எழுதுறாரு, அதனால கேளுங்க. பொடிக்கு ஒரு மார்க் குறைச்சது சந்தனத்துக்காக, அவர் போடறது வாசனை கம்மியா இருந்துச்சு, நல்ல சந்தனம் விலை ஏறிப்போச்சுன்னு அவரே சொன்னாரு. ரெடிமேட் பாக்கெட் வாங்குறவங்க லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி மூணும் பாருங்க, அரசோட டாம்ப்கால் தயாரிப்பும் கிடைக்கும், அவசரத்துக்கு அது போதும்.

வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ல போறதுதான் நல்லது. மதியம் சாப்பாட்டுக்கு கடைய மூடிடுவாங்க, காலையில போனா ஐயாவே இருப்பாரு, சாயங்காலம் அவரு பேரன் இருப்பான், நல்ல பையன் ஆனா நிலவேம்புக் குச்சிய அவ்வளவு பாத்து எடுக்கத் தெரியல. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல்னா, அதுலயும் வெளியூர் வேலைக்குப் போயிட்டு வந்தவங்கன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க, காய்ச்சல் இருக்கறப்பவே வாங்க, காய்ச்சல் விட்ட நாள்னாலும் பரவால்ல வாங்க, ரத்தம் பாத்து ரிசல்ட்ட அன்னைக்கே சொல்லிடுவோம்.